டர்போ மாற்றியும் வண்டி இழுக்கவில்லை: பட்டறையிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றி, பழனி வழியாகக் கொடைக்கானலுக்கு ஓட்டுகிறேன். வண்டி 2014 மாடல் டீசல் பிக்கப். போன வருஷம் தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சமதளத்தில் நன்றாகப் போகிறது. மலை ஏறும்போது இழுவையே இல்லை, கறும்புகை தள்ளுகிறது. கோவையில் ஒரு பட்டறையில் விட்டேன். டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது, நாசிலும் (டீசலைப் பீச்சும் பாகம்) வீக் என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றி 74,000 ரூபாய் வாங்கினார்கள். ஜிபேயில் கொடுத்தேன். துண்டுச் சீட்டில்தான் கணக்கு எழுதித் தந்தார்கள். வண்டி பழையபடியேதான் இருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் கிழிந்திருக்கிறது, 2,000 ரூபாய் வேலை என்கிறார். பட்டறையில் கேட்டால் “பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். கேஸ் போடலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா? வண்டியை விற்றவர் மீதும் நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: அந்த ஹோஸை இன்னும் மாற்றவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள். அவசரப்பட்டு மாற்றி, கிழிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டால் உங்கள் வழக்கில் பாதி அதோடு போய்விடும். வண்டி நன்றாக ஓடும், ஆனால் முன்பு என்ன கோளாறு இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். “நாங்கள் டெலிவரி கொடுத்தபோது ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது, பிறகு கிழிந்தது” என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். வண்டிக் கோளாறு வழக்குகள் பல, நிபுணர் அறிக்கை இல்லாத ஒரே காரணத்தால் தோற்கின்றன.

வண்டி நின்றால் உங்களுக்கு வருமானம் இல்லை என்பது புரிகிறது. ஆகவே மாதக்கணக்கில் நிறுத்தச் சொல்லவில்லை. பட்டறைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். இன்ன தேதியில், இன்ன இடத்தில் வண்டியைப் பரிசோதிக்கப் போகிறேன், நீங்களும் ஆள் அனுப்பலாம் என்று ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அந்த நாளில் ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரையோ, உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையோ வைத்துப் பாருங்கள். பட்டறைக்காரர்கள் வராவிட்டாலும் பரிசோதனை நடக்கட்டும். அழைத்தும் வரவில்லை என்பது உங்களுக்குத்தான் பலம்.

அறிக்கையில் “ஹோஸ் கிழிந்துள்ளது” என்ற ஒற்றை வரி போதாது. பதிவு எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தேதி வேண்டும். ஸ்கேனர் போட்டு வந்த ஃபால்ட் கோடுகள் (கோளாறுக் குறியீடுகள்), லோடு ஏற்றி ஓட்டும்போது டர்போ கொடுக்கும் பூஸ்ட் அழுத்தம், குழாய்களை அடைத்துக் காற்று ஏற்றி சோப்பு நீர் தெளித்துப் பார்த்த கசிவுச் சோதனை ஆகிய மூன்றின் முடிவும் வேண்டும். கிளாம்புக்கு அடியில் உள்ள கிழிசல், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலில் மூடியபடியே இருக்கும். பூஸ்ட் ஏறும்போதுதான் திறக்கும். டர்போ அழுத்திய காற்று அங்கேயே வெளியேறிவிட, டீசல் முழுதாக எரியப் போதிய காற்று கிடைக்காமல் கறும்புகை வரும், இழுவை விழும். கிழிசலின் ஓரத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா என்றும் எழுதச் சொல்லுங்கள். இருந்தால், அது நாள்பட்ட கிழிசல் என்று இன்ஜினியர் சொல்ல முடியும். பிறகு ஹோஸை மாற்றி, அதே ஏற்றத்தில் அதே எடையோடு ஓட்டிப் பார்த்து அந்த முடிவையும் எழுத வேண்டும். கழற்றிய ஹோஸைக் கவரில் போட்டு ஒட்டி, இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீடியோக்களை எடுத்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய அது தேவைப்படும்.

“உங்கள் புகைச் சான்றிதழ் சரியாகத்தானே இருக்கிறது” என்று அவர்கள் கேட்கக்கூடும். அந்தச் சோதனை வண்டியை நிறுத்திவைத்து, லோடு இல்லாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து எடுப்பது. மலையில் தெரியும் இந்தக் கோளாறு அதில் தெரியாமல் போகலாம்.

கழற்றிய பழைய டர்போவும் நாசில்களும் எங்கே? அவை உங்கள் சொத்து. கடிதத்திலேயே திருப்பிக் கேளுங்கள். கிடைத்தால், டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் நாசில்களை பெஞ்சில் மாட்டிச் சோதித்து, ரீடிங்கை எழுதி வாங்குங்கள். அவை நன்றாக இருந்தால் உங்கள் வழக்கு மிக வலுவானது. கொடுக்க மறுத்தால் ஏன் மறுத்தார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்லட்டும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்தே இருக்கலாம். டர்போவின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உண்மையிலேயே ஆடியிருந்தால் அந்தத் தொகையைக் கேட்பது கடினம். தெரியாததை மனுவில் அடித்துச் சொல்லாதீர்கள்.

வண்டி சரியாகவில்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகிவிடாது. எந்த மெக்கானிக்கும் முடிவுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. இங்கே தவறு எதுவென்றால், இழுவை இல்லை என்று வந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய காற்றுக் குழாய், ஏர் பில்டர், டீசல் பில்டர் எதையும் சோதிக்காமல், விலை அதிகமான பாகத்தில் கை வைத்தது. உங்களிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டோ ஜாப் கார்டோ (செய்யும் வேலையைக் குறிக்கும் அட்டை) தரவில்லை என்பதும் அதைத்தான் காட்டுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 2(11) செய்யும் முறையில் உள்ள குறையையும், கவனக்குறைவையும், தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. முறையான பில் தராதது பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. துண்டுச் சீட்டும் ஜிபே பதிவும் இருப்பதால் பணம் கொடுத்ததை அவர்கள் மறுக்க முடியாது.

அவர்கள் எடுக்கப்போகும் முதல் ஆயுதம், “இது வணிக வாகனம், இவர் நுகர்வோரே அல்ல” என்பதாக இருக்கும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது பிரிவு 2(7)-ன் விளக்கம். பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்குபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்களே ஓட்டுகிறீர்கள், இதுதான் குடும்பத்தின் பிழைப்பு என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுத மறந்து இந்த ஒரு புள்ளியில் வழக்கை இழப்பவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் போட்டு வேறு வண்டிகளும் ஓட்டுகிறீர்கள் என்றால் நிலைமை வேறு, அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

வழக்குக்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்குத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். கால வரம்பு 2 ஆண்டு. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாளில், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாளில், அவர்கள் பதில் போட வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. வழக்குப் போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில பட்டறைகள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

74,000 ரூபாயோடு பரிசோதனைச் செலவு, ஓடாத நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கேட்கலாம். வருமான இழப்புக்கு மார்க்கெட் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். குத்துமதிப்பாக எழுதிய தொகையை ஆணையம் ஏற்காது.

போலீஸுக்கு இப்போது போக வேண்டாம். தவறான கணிப்பு மோசடிக் குற்றம் ஆகாது, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஆனால் பரிசோதனையின்போது டர்போவில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது என்று பணம் வாங்கிக்கொண்டு ரீகண்டிஷன் செய்ததை மாட்டியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 318-ன் கீழ் புகார் கொடுக்க இடமிருக்கிறது.

விற்றவரை விட்டுவிடுங்கள். அவர் வண்டி வியாபாரி அல்ல. பழைய வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்கியிருப்பீர்கள், அதன்பின் ஒரு வருஷம் ஓட்டியும் இருக்கிறீர்கள். கோளாறு தெரிந்தே பொய் சொன்னார் என்பதற்கு எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஏதாவது இருந்தால் மட்டும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.