எழுந்து நிற்க ஒரு நாற்காலி

கேள்வி: பனையிலிருந்து விழுந்த அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நிற்க வைக்கும் வீல்சேர் வாங்கலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கி 2019-ல் வெளியிட்ட 'அரைஸ்' அப்படிப்பட்டதுதான், உட்கார்ந்திருப்பவர் தன் கைபலத்தாலேயே நாற்காலியோடு எழுந்து நிற்கலாம். ஆனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள் அம்மா. நெடுநாள் நிற்காத காலில் எலும்பு மெலிந்திருக்கும், சட்டென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதனால் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் மருத்துவரிடம் காட்டி அவர் சரி என்றபிறகு, அளவெடுத்தே வாங்குங்கள். அப்புறம், நிற்கும்போது முழங்கால் பட்டையும் நெஞ்சுப் பட்டையும் கட்டாயம். தினமும் அவர் புட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள், அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம், அவருக்கு வலியே தெரியாது.