நில அறக்கட்டளைகள் பறவைகளை எப்படிக் காக்கின்றன? நம் ஊருக்கு அது ஒத்துவருமா?

சுருக்கமாகச் சொன்னால், நிலத்தின் மேல் ஒரு நல்ல வில்லங்கத்தைப் போட்டு வைக்கிறார்கள்.

அமெரிக்காவில், இயற்கை நிலங்களைக் காப்பதற்கென்றே இயங்கும் இந்த அறக்கட்டளைகள் சில இடங்களை விலைக்கே வாங்கிவிடுவதுண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. நிலம் விவசாயி பேரிலேயே இருக்கும். மனை போடும் உரிமையை மட்டும் அவர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். தானமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடைக்கும். அப்புறம் நிலம் மகனுக்குப் போனாலும், முன்பின் தெரியாத ஒருவர் வாங்கினாலும், அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு கூடவே போகும். அறக்கட்டளை ஆட்கள் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டும் போவார்கள்.

நிலத்தோடு கூடவே போவது ஏன் பெரிய விஷயம் என்பது எனக்குக் கொஞ்சம் பட்டுத்தான் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் என் ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு புளியமரம் நின்றது. தை பிறந்தால் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். இலையெல்லாம் எச்சத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். குஞ்சுக்குக் கொண்டுவரும் மீன் பாதி கீழே விழுந்து நாறும். துணி காயப்போட முடியாது. கிளையை வெட்டலாம் என்று மாமா ஒருமுறை சொன்னதற்கு ஆச்சி, “பிள்ளைப்பேறுக்கு வந்த வீட்டுல அருவாள எடுப்பியாலே?” என்று கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே ஆச்சி சொன்னது ஒன்றும் அதிசயமில்லை.

ஆச்சிக்குப் பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர் வெளியூர்க்காரர். நாற்றம் தாங்காமல் அடுத்த சித்திரைக்குள் மரத்தை வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆச்சியின் வாக்கு பத்திரத்தில் இல்லையே.

விற்கும்போதே பத்திரம் எழுதுபவரிடம் கேட்டுப் பார்த்தேன். “மரத்துக்கு வில்லங்கம் போடணும்ங்கியளோ?” என்று சிரித்தார். சிரிப்பில் நியாயம் உண்டு. நமது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கும் உரிமைக்குத்தான் இடம். பக்கத்து வயலுக்கு வண்டிப்பாதை, வாய்க்கால் என்றால் சரி. பக்கத்தில் சொந்த நிலமே இல்லாத அறக்கட்டளை, நாரைக்காக அப்படி ஓர் உரிமையை வைத்துக்கொள்ள வழியில்லை.

அதனால் நமக்கு மிஞ்சுவது அரசு அறிவிப்புதான். கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆனது. ஆனால் அதன் பரப்பு 1.29 சதுர கிலோமீட்டர்தான். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி மருத மரங்களில் பறவைகள் அடையும் ஏழு ஏக்கரை 2005இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது அதுதான். தனியார் நிலமென்றால், உரிமையாளர்களே முன்வந்தால், சமூகக் காப்பகம் என்று அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு புளியமரத்துக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்பது வேறு கதை.

நிலம் மட்டும் கிடைத்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்து சேராத வருஷம், மரம் இருந்தும் கூடு இருக்காது. கலிபோர்னியாவில் தி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2014 முதல் ஒரு வேலை செய்கிறது. நெல் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, வலசைப் பறவைகள் வரும் சில வாரங்களுக்கு மட்டும் வயலில் தண்ணீர் கட்டச் சொல்கிறது. கிட்டத்தட்ட வயலை வாடகைக்கு எடுக்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆனால் நாங்குநேரிப் பக்கம் போய் இதைச் சொன்னால், “மொதல்ல எங்க நெல்லுக்குத் தண்ணி வரட்டும்” என்பார்கள்.