மகளை இழந்தபின் அறக்கட்டளை: ஒரு தாயிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

எங்கள் மகள் ரத்தப் புற்றுநோயால் ஏழு வயதில் இறந்தாள். அதன்பின் சென்னையில், சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தங்குமிடம், உணவு, பயணச் செலவு, ரத்தக் கொடையாளர் ஏற்பாடு ஆகியவற்றைச் செய்யும் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்தி வருகிறேன். நான் மருத்துவர் அல்லள். சிகிச்சை பற்றிச் சொல்வதெல்லாம் வார்டில் கற்றது. முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

கேள்வி (சேலம், ஒரு தந்தை): நான்கு மாதங்களுக்கு முன் மகனை இழந்தோம். அவன் பெயரில் உடனே ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும். வீட்டு மனையை விற்கவும் தயாராக இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஐயா, மனையை இப்போது விற்காதீர்கள். முதலாண்டுத் திதி முடியும்வரை பெரிய தொகை எதிலும் கைவைக்க வேண்டாம் என்றுதான் என்னிடம் வரும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். அதுவரை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பில் வாரம் ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். குழந்தைகள் வார்டின் வாசனையையும், மருந்து ஏற்றும் இயந்திரம் எழுப்பும் ஒலியையும் உங்களால் தாங்க முடிகிறதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும். தாங்க முடியாவிட்டால் அதில் குறை ஒன்றும் இல்லை. கணக்கு எழுதுவது, நன்கொடையாளர்களைப் பார்ப்பது என்று வார்டுக்குள் போகாமலே செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது 1954இல். முப்பத்தோரு ஆண்டுகள் கழித்துத் தொடங்கியதால் அவர் துயரத்தின் மதிப்போ, அந்த மருத்துவமனையின் மதிப்போ குறைந்துவிடவில்லை. தாமதித்தால் மகனை மறந்துவிடுவோமோ என்று அஞ்சாதீர்கள்.

தொடங்கும்போது, அறங்காவலர்கள் எல்லோரும் குடும்பத்தாராகவே இருக்க வேண்டாம். கணக்கை அறிந்த, உங்களிடம் ‘கூடாது’ என்று சொல்லத் தயங்காத ஒருவராவது அதில் இருக்க வேண்டும். பத்திரப் பதிவு, பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைப் பதிவு என்பதெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் இருந்தால் நடந்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர், ஓர் ஆசிரியை): உங்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது? அந்த நாளில் உங்கள் மகள் எங்கே இருக்கிறாள்?

பதில்: விழித்ததும் கைபேசியைத்தான் பார்க்கிறேன். ஏனெனில் காய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான் கவனத்துக்கு வருகிறது. கீமோ என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்கள் விடுதியில் தங்கும் ஒவ்வொரு தாய்க்கும் முதல் நாளே ஒரு தெர்மாமீட்டரையும், எந்நேரமும் வரச் சம்மதித்த ஆட்டோ ஓட்டுநர்களின் எண்களையும் கொடுத்துவிடுகிறோம்.

காலையில் விடுதிச் சமையலறையைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்வேன். அன்று கீமோ ஏற்ற வந்த குழந்தைகளில் சிலரை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை போதவில்லை என்று அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுவார்கள். எதிர்பாராத அந்த ஒரு வாரம்தான் ஏழைக் குடும்பத்தை உடைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் அறை வாடகையும், தந்தை இழக்கும் தினக்கூலியும், ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த தங்கையின் பள்ளிச் செலவும் அதில் அடங்குவதில்லை. ஊருக்குப் போய்வர ரயிலில் சலுகை உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால், சிகிச்சைக்காகப் படுக்கை வசதி வகுப்பில் செல்லும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை; துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

பிற்பகல் முழுவதும் தொலைபேசிதான். லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் சில மாதக் கடுஞ்சிகிச்சை முடிந்ததும் முடி வளர்ந்து, கன்னம் தேறி, குழந்தை பள்ளிக்கும் போகத் தொடங்கிவிடும். நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதற்கு மாத்திரை என்று ஊரில் யாராவது கேட்பார்கள். மாத்திரை நிற்கும் இடம் இதுதான். எனவே வீட்டுக்குத் திரும்பும் தாயிடம் ஒரு தினசரி நாள்காட்டியைக் கொடுத்து அனுப்புகிறோம். ஒவ்வொரு தாளிலும் அன்று ஒரு மாத்திரையா, அரை மாத்திரையா என்று மருத்துவர் சீட்டைப் பார்த்து எங்கள் செவிலியர் எழுதியிருப்பார். மாத்திரை கொடுத்த பிறகே தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்த தாள்களை அடுத்த முறை வரும்போது ரப்பர் வளையம் போட்டு எடுத்துவரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டைக் கையில் வாங்கும்போது எனக்கு ஏற்படும் நிறைவை வேறு எதுவும் தந்ததில்லை.

மகள் எங்கே என்று கேட்டீர்கள். ரத்த வங்கிக்குப் போகும் நேர்வழி, அவள் படுத்திருந்த வார்டைக் கடந்து செல்கிறது. சுற்றிப் போக வேறு வழியும் உண்டு. அவசரமான நாள்களில் நேர்வழியிலும் மற்ற நாள்களில் சுற்றுவழியிலும் போகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படித்தான்.

கேள்வி (தஞ்சாவூர், ஒரு செவிலியர்): உங்கள் குழந்தை இறந்ததை அங்கிருக்கும் பெற்றோர்களிடம் சொல்வீர்களா?

பதில்: அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்வேன். நோய் இன்னதென்று தெரிந்து ஒரு வாரம்கூட ஆகாத தாய், பிழைத்த ஒரு குழந்தையைப் பார்க்கத்தான் ஏங்குகிறாள். சிகிச்சை முடித்துக் கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் சிலர் எங்களோடு இருக்கிறார்கள். முதல் சந்திப்புக்கு அவர்களைத்தான் அனுப்புகிறேன். என்னிடம் நேராகக் கேட்பவரிடம் மறைப்பதில்லை. “எங்கள் மகளுக்கு நோய் திரும்பி வந்தது, அவள் இறந்துவிட்டாள், உங்கள் பிள்ளையின் நோயும் உடல்நிலையும் வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர்கள் என்னைத் தேற்றும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவரக் கூடாது. மகளின் படம்கூட விடுதிக் கூடத்தில் இல்லை, கணக்கு எழுதும் உள்ளறையில்தான் இருக்கிறது.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. அவள் வயதில், அவளைப் போல் இடக்கையால் எழுதும் ஒரு சிறுமி வந்தால் மனம் அந்தக் குழந்தையிடமே ஓடும். அப்படி ஓடும்போது அந்தக் குடும்பத்தின் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறேன். எந்தக் குழந்தையும் என் மகளின் இடத்தை நிரப்ப வந்ததில்லை. அது தன் தாய்க்கு உரிய குழந்தை.

கேள்வி (சென்னை, ஒரு நன்கொடையாளர்): பிறந்தநாளுக்குக் குழந்தைகளோடு கேக் வெட்டிப் பிரியாணி வழங்க விரும்புகிறோம். படம் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் அன்புக்கு நன்றி, இரண்டும் வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு வெளியுணவும் கூட்டமும் தொற்றைக் கொண்டுவரக்கூடும். முடி உதிர்ந்த தலையோடு எடுத்த படம், அந்தச் சிறுமி வளர்ந்து திருமணத்துக்கு நிற்கும் நாளிலும் எங்காவது கிடந்து அவளைத் துன்புறுத்தும். அதே தொகையில் ஒரு குடும்பத்தின் ஒரு மாத அறை வாடகையைக் கட்டுங்கள். ரசீதும் செலவுக் கணக்கும் தருகிறோம். வரிச்சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகச் செலுத்துங்கள்.

கேள்வி (மதுரை, ஒரு தாய்): உங்களுக்கு மகனும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் இதை எப்படி எடுத்துக்கொள்கிறான்?

பதில்: தங்கை இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. ஒருநாள், “வீட்ல எப்பப் பாத்தாலும் வேற புள்ளைங்க பேச்சுதானா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்குமேல் அவசர எண் என் சக ஊழியர் ஒருவரிடம் போய்விடும். உணவு மேசையில் நோய்ப் பேச்சு கிடையாது. தங்கையைப் பற்றிய பேச்சு மட்டும் எப்போதும் உண்டு. அவள் அவனிடம் சண்டை போட்டுப் பிடுங்கிய பொருள்களைப் பற்றியெல்லாம் பேசிச் சிரிக்கிறோம்.

கேள்வி (வேலூர், ஒரு தொண்டர்): நீங்கள் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: முதலில் செய்ய வேண்டியவை எல்லாம் கைவேலைகள்தான். மருத்துவமனைக் கணக்கை முடிப்பது, இறப்புச் சான்றிதழுக்கான விவரங்களைப் பிழையில்லாமல் எழுதித்தருவது, உடலை ஊருக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்வது. அரசு மருத்துவமனை என்றால் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். மாநில எல்லை தாண்ட வேண்டுமானால் வண்டிக்கு ஆகும் செலவு பெரிது; அதற்கென்றே தனியாக ஒரு தொகையை வைத்திருக்கிறோம். விடுதி அறையிலிருக்கும் குழந்தையின் துணிகளையும் பொம்மைகளையும் நாங்களாக மூட்டை கட்டுவதில்லை. தாய் கேட்கும்வரை அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பதினாறாம் நாள் கழிந்ததும் தொலைபேசியில் பேசுகிறோம். அதுவரை வீடு நிறைய உறவினர் இருப்பார்கள்; எல்லோரும் போன பிறகுதான் அந்தத் தாய்க்குப் பேச ஆள் வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று தவிர்க்காதீர்கள், எப்படியும் அழத்தான் போகிறார்கள்.

கேள்வி (திருச்சி, ஒரு கல்லூரி மாணவர்): மகளைக் காப்பாற்றாத மருத்துவத்தின்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி. 1940களின் பிற்பகுதியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் மருந்து கொடுத்துச் சில குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்கும்வரை, இந்நோய் வந்த குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும் என்பதே நிலை. இன்று வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளையாவது பிழைக்கவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. தாமதமாகக் கண்டறிவதும், பாதியில் சிகிச்சையை விடுவதும், தொற்றும்தான் இந்த இடைவெளிக்குப் பெரும் காரணங்கள். கண்டறிந்த பிறகு குழந்தையைச் சிகிச்சையில் நிறுத்திவைக்க வாடகையும் பயணச் செலவும் கொடுத்து உதவ எங்களைப் போன்றவர்களால் முடியும். என் கோபத்தையெல்லாம் அந்த வேலையில்தான் செலவழிக்கிறேன்.

கேள்வி (ஈரோடு, ஒரு தாய்): ‘இன்னும் எத்தனை நாள் இதையே கட்டிக்கொண்டு அழுவாய்’ என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அம்மா.

கேள்வி (தாம்பரம், ஓர் இளைஞர்): பணம் தர வசதியில்லை. வேறு எப்படி உதவலாம்?

பதில்: பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் கொடுங்கள். பிரித்தெடுத்த தட்டணுக்களைச் சேமிக்கக்கூடிய காலம் ஐந்து நாள்கள்தான். ஆகவே எந்த ரத்த வங்கியாலும் நிறைய எடுத்துவைக்க இயலாது, ஆள்தான் வந்துகொண்டே இருக்க வேண்டும். இயந்திரம் தட்டணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தை உங்கள் உடலுக்கே திருப்பி அனுப்பும்; ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வருவதற்கு முந்தைய மூன்று நாள்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ரத்த வங்கியில் பெயரையும் ரத்த வகையையும் பதிந்துவைத்து, அழைப்பு வந்தால் தட்டாமல் எடுங்கள்.