வயதை எழுதுங்கள், ரேகையை விடுங்கள்: பிள்ளைகளின் நுண்ணறிவு பற்றிய கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் பிள்ளையின் வயதை எழுதவில்லை. ஏழு வயதில் சகஜமாக இருப்பது பதினொரு வயதில் கவலைப்பட வேண்டியதாக இருக்கும். வயது, பள்ளியில் எந்த ஆண்டு, வீட்டில் பேசும் மொழி, இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு இனிமேல் பதில் எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் எப்போதும் சொல்வதுதான்: கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு எழுதுங்கள்.

மகன் ஆண்டு 2. எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. ஆனால் வீட்டில் ரேடியோ, காற்றாடி எதுவாக இருந்தாலும் கழற்றி மறுபடி பூட்டிவிடுகிறான். இது இட நுண்ணறிவு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். படி படி என்று வற்புறுத்தாமல் விட்டுவிடலாமா? (ஒரு தாய், லிந்தாங்)

விடக்கூடாது அம்மா. கழற்றிப் பூட்டுவது உண்மையான திறமைதான், அதில் சந்தேகமில்லை. அறிவு ஒன்றல்ல; மொழி, கணிதம், இடம், இசை, உடல் இயக்கம் என்று பல வகை என்பது அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் சொன்ன பல்வகை நுண்ணறிவுக் கொள்கை. அவருடைய குழு 1980களில் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு நடத்திய ஸ்பெக்ட்ரம் திட்டத்தில், கையால் சுற்றும் அரவை இயந்திரம் ஒன்றைக் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு பழைய தேங்காய் துருவியைக் கொடுங்கள் (மின்சாரச் சாமான் வேண்டாம், காற்றாடியை இன்றைக்கே எட்டாத இடத்தில் வையுங்கள்). எந்தத் துண்டில் கை வைக்கிறான், திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குகிறானா, கடைசியில் ஒன்று மிஞ்சினால் பேசாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறானா, மறுபடி பிரித்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் பிள்ளையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

ஆனால் அது வேறு, வாசிப்பு வேறு. ஒரு திறமை இருப்பதால் இன்னொன்றுக்கு விடுமுறை கிடையாது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலுமே தடுமாறுகிறானா, ஒன்றில் மட்டுமா என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் பயிற்சிக் குறைவு. மூன்றிலும் என்றால், முதலில் கண்ணும் காதும், பிறகு டிஸ்லெக்சியா (எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிப்பதில் வரும் சிரமம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அல்ல. ஆனால் அதற்கென்று உள்ள முறையில் சொல்லிக்கொடுக்காமல் தானாகச் சரியாவதும் அபூர்வம். ஆண்டு 2 நல்ல நேரம். ஆறாம் ஆண்டு வரை இழுக்காதீர்கள்.

நுண்ணறிவு மொத்தம் ஏழா, எட்டா, ஒன்பதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

1983ல் கார்ட்னர் சொன்னது ஏழு. 1990களில் இயற்கையை அறியும் நுண்ணறிவைச் சேர்த்து எட்டாக்கினார். வாழ்வின் பொருளைத் தேடும் அறிவை முழுதாக ஏற்காமல், எட்டரை என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எண்ணிக்கையை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

என் பையன் மக்கு. எதைச் சொன்னாலும் ஏறவில்லை. அவனுக்கு என்ன நுண்ணறிவு என்று சொல்லவும்.

வயது இல்லை. வகுப்பு இல்லை. எது ஏறவில்லை என்பதும் இல்லை. இருப்பது ஒரு வசைச்சொல் மட்டும். அதை முதலில் நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள். கண், காது பார்த்தாகிவிட்டதா?

எங்கள் தாமானில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் எடுத்து, எந்த நுண்ணறிவு எத்தனை சதவீதம் என்று புத்தகமாகவே கொடுக்கிறார்கள். பல நூறு வெள்ளி ஆகும். தவணையும் உண்டாம். மகளுக்கு ஐந்து வயது. இப்போதே எடுத்தால் பாலர் பள்ளியிலிருந்தே சரியாக வளர்க்கலாம் என்கிறார்கள். எடுக்கலாமா? (தோட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் தந்தை)

எடுக்காதீர்கள். இதே கேள்வி இந்த மாதம் மட்டும் நான்கைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விரல் ரேகை தாயின் வயிற்றில், ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் உருவாகிவிடும். மூளையும் அதே காலத்தில் வளர்கிறது, ஆகவே ரேகையில் மூளை தெரியும் என்பது விற்பவர்களின் வாதம். அதே காலத்தில் காது மடலும்தான் வளர்கிறது. மனிதர்களின் விரல்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு வளைய ரேகை, மூன்று சுழி, மிச்சம் வில் வடிவம். வளையம் இருந்தால் இசை, சுழி இருந்தால் கணிதம் என்று நிரூபித்த ஆய்வு ஒன்றுமில்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது.

ரேகை ஆய்வு என்ற துறை உண்மையில் உண்டு. 1926ல் ஹரோல்ட் கம்மின்ஸ் என்ற அமெரிக்கர் அதற்குப் பெயர் வைத்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கையில் சில ரேகை அமைப்புகள் அதிகம் காணப்படுவதையும் அவர் எழுதினார். அது குரோமோசோம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தப் பெயரை இரவல் வாங்கித்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். பக்கத்தில் கார்ட்னர் படம் வேறு. அவர் காகிதச் சோதனையையே பெரிதாக நம்பாதவர். பிள்ளை ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வழி.

நம் ஊரில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் பேங்கிலோ அரசாங்க அலுவலகத்திலோ கட்டைவிரலை வைத்தால் மெஷின் பிடிக்காது. துடைத்துத் துடைத்து வைப்பார்கள், அப்போதும் சிவப்பு விளக்குதான் எரியும். கத்தியும் பாலும் பட்டு ரேகை தேய்ந்திருக்கும். அப்படியானால் அவர்களுடைய நுண்ணறிவும் தேய்ந்துவிட்டதா? மைக்கார்டு அடையாள அட்டையில் உள்ள ரேகை நீங்கள் யார் என்று சொல்லும். உங்கள் மகள் பாடுவாளா, கணக்குப் போடுவாளா என்று சொல்லாது.

"ஆனால் அறிக்கையில் எழுதியிருப்பது அப்படியே பொருந்துகிறதே" என்று ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் எழுதுகிறார்கள். பொருந்தத்தான் செய்யும். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்குத் தனித்தனிக் குணக் குறிப்பு என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். எவ்வளவு சரி என்று மதிப்பெண் போடச் சொன்னபோது 5க்குச் சராசரியாக 4க்கு மேல் போட்டார்கள். "உங்கள் பிள்ளை சில நேரம் கலகலப்பு, சில நேரம் அமைதி" என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது? பணம் கட்டியவர்கள் ஒன்று செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறிக்கையையும் வாங்கி, இரண்டிலும் பெயரை மறைத்து, எது யாருடையது என்று பாட்டியைக் கேளுங்கள்.

பணம் போவதுகூடப் பெரிதில்லை. ஐந்து வயதில் "கணிதம் 9 சதவீதம்" என்று அச்சடித்து வந்த தாளை அம்மா பீரோவில் பத்திரமாக வைக்கிறாள். ஆண்டு 3ல் வாய்ப்பாடு வராதபோது அதை எடுத்துக் காட்டி "அப்பவே சொன்னாங்களே" என்கிறாள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பிறகு அது ஏன் முயற்சி செய்யப்போகிறது?

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் "நடுமூளை" வகுப்பு பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். மூக்கை ஒட்டிய இடுக்கு வழியாகக் கீழே பார்க்கிறார்கள், அவ்வளவுதான். புத்தகத்தை முகத்துக்கு நேரே, மூக்கு உயரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் ஆண்டில் பள்ளியே இலவசமாக எடுக்கும் சைக்கோமெட்ரிக் மதிப்பீட்டில் நுண்ணறிவு வகைகளும் வரும். அது கேள்வித்தாள். பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதன் தொகுப்பு. அதையும் ஜாதகமாக்க வேண்டாம். ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது உட்கார்ந்து பேச நல்ல சாக்கு.

கர்ப்பத்தில் இருக்கும்போதே மொசார்ட் கேட்டால் பிள்ளை புத்திசாலியாகப் பிறக்குமா?

1993ல் வந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் செய்தது. பலன் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. குழந்தையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேளுங்கள்.

பேரன் ஆண்டு 5. சாயங்காலம் ஆனால் உருமி மேளம் பழகப் போய்விடுகிறான். தைப்பூசம் வந்தால் பள்ளிக்கூடமே மறந்துபோகும். தாளம் நன்றாகப் பிடிக்கிறான் என்கிறார்கள். அது இசை நுண்ணறிவு என்றால் கணக்கும் வருமா? (தாத்தா, சுங்கை சிப்புட்)

கணக்கு அதனால் வராது ஐயா. கணக்குப் போட்டால்தான் வரும். உருமி அடிப்பதற்குக் கணக்கைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் அடிக்கும்போது வேகம் பிசகாமல் பிடித்து நிற்பதும், வளைந்த குச்சியால் தோலை உரசும்போது அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அந்த உறுமலை எழுப்புவதும் சின்ன வேலை அல்ல. கார்ட்னர் பாஸ்டனில் மூளைக் காயம்பட்ட நோயாளிகளோடு வேலை செய்தவர். பேச்சுப் போனவருக்கும் பாட்டு மிஞ்சியிருப்பதைப் பார்த்ததும் இசையைத் தனி நுண்ணறிவாகச் சொல்ல ஒரு காரணம்.

எனக்குப் பிடிக்காதது, மார்க் குறைந்தால் உருமியைப் பிடுங்கி வைப்பது. நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். முதலில் வீட்டுப்பாடம், பிறகு மேளம், ஒன்பதரைக்குப் படுக்கை. இன்னொன்று, உருமிச் சத்தம் காதுக்கு ஆகாது. காதடைப்பான் ஒரு ஜோடி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. காதைப் பரிசோதிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கே அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஓயாமல் ஓடுகிறான், நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறான். உடல் இயக்க நுண்ணறிவா, ஹைப்பரா? வயது 8.

வயது எழுதியதற்கு நன்றி. ஓடுவதை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. உடல் இயக்க நுண்ணறிவு என்றால் உடம்பு அவன் சொன்னபடி கேட்க வேண்டும். பந்தை நினைத்த இடத்துக்கு உதைப்பான், சிலம்ப அடியை ஒருமுறை பார்த்துத் திருப்பிச் செய்வான். ஹைப்பர், அதாவது கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD) என்று சொல்ல, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும், ஆறு மாதமாவது தொடர்ந்து தொல்லை இருக்க வேண்டும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும், அத்தை அல்ல.

தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை நான். ஒவ்வொரு பாடத்தையும் எட்டு நுண்ணறிவுக்கும் ஏற்ப எட்டு விதமாக நடத்த வேண்டுமா? பாடத்திட்டம் எழுதவே நள்ளிரவு ஆகிறது.

வேண்டாம் அம்மா, தூங்குங்கள். கார்ட்னரே அப்படிச் சொல்லவில்லை. பின்னம் என்றால் தோசையை வெட்டிக் காட்டலாம், எண்கோட்டில் குறிக்கலாம், கதைக்கணக்கு கொடுக்கலாம். இரண்டு மூன்று வழி போதும், அதுவும் வகுப்பு முழுவதற்கும். "இவன் காதால் படிக்கிறவன், இவள் கண்ணால் படிக்கிறவள்" என்று பிரித்து உட்காரவைப்பது வேறு கதை. கற்றல் பாணி என்ற அந்தக் கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008ல் உளவியலாளர்கள் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நுண்ணறிவுக் கொள்கையோடு அதைக் குழப்ப வேண்டாம் என்று கார்ட்னரும் எழுதியிருக்கிறார். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: பல்வகை நுண்ணறிவே இன்னும் உளவியலாளர் பலர் ஏற்காத கொள்கைதான். திறமைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன என்பது அவர்கள் கட்சி. பிள்ளையைப் பல பக்கமிருந்து பார்க்கப் பழக்குகிறது என்ற அளவில் எனக்கு அது பிடிக்கும். அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

மகள் ஆண்டு 4. படிப்பில் நடுத்தரம். கோழி, குருவி, செடி என்றே திரிகிறாள். நான் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். அவளும் மரம் மட்டை என்று போய்விடுவாளோ என்று பயம்.

குலை பழுத்ததா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்க்கிறீர்கள், கறுப்பு ஓடிச் செம்மஞ்சள் ஏறியிருப்பதைப் பார்க்கிறீர்கள், அண்ணாந்து ஒரு பார்வையிலேயே முடிவு செய்கிறீர்கள். மகளிடம் இருப்பதும் இந்தக் கண்தான். உங்களிடமிருந்தே வந்ததாகக்கூட இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்தக் கோழி என்றைக்கு முட்டையிட்டது, எந்தக் குருவி எங்கே கூடு கட்டியது என்று தேதி போட்டு எழுதட்டும். எழுத்தும் வரும், அட்டவணை போடவும் பழகுவாள். கால்நடை மருத்துவம், விவசாயம், தாவரவியல் எல்லாம் பல்கலைக்கழகப் படிப்புகள்தான். இடைநிலைப்பள்ளி அறிவியலில் மலாய் வேண்டும், அதை மட்டும் இப்போதே கவனியுங்கள்.

மகன் படிவம் 3. மோட்டார் இன்ஜினைப் பிரித்து மேய்கிறான், பாடத்தில் சுமார். எஸ்.பி.எம். (படிவம் 5 தேர்வு) அறிவியல் பிரிவா, வோகேஷனல் காலேஜா? சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுவார்கள் என்கிறாள் மனைவி.

சொந்தக்காரர்களின் மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று மனைவியிடம் கேளுங்கள். வோகேஷனல் காலேஜில் படிவம் 3 முடித்ததும் சேரலாம். இரண்டு வருடத்தில் சான்றிதழ், தகுதி இருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் டிப்ளோமா. ஆனால் "கை நன்றாக ஓடுகிறது, புத்தகம் வேண்டாம்" என்று நினைத்து அனுப்பாதீர்கள். அங்கேயும் கணிதம், அறிவியல், ஆங்கிலம் உண்டு. இன்றைய வண்டிகளைக் கணினி மாட்டித்தான் பழுது பார்க்கிறார்கள், கையேட்டைப் படிக்கத் தெரியாதவன் எண்ணெய் மாற்றுவதோடு நின்றுவிடுவான். விடுமுறையில் ஒரு மாதம் தெரிந்த பட்டறையில் விடுங்கள். கிரீஸ் அப்பிய கையோடு சாயங்காலம் வந்து தானாகப் பேசுகிறானா, மூன்றாம் நாளே தலைவலி என்கிறானா என்று பாருங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான், தேதியைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். போகும்போது மகனையும் அழைத்துப் போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும்.