மயில் தோகை ஏன் மின்னுகிறது, மயில் ஏன் அகவுகிறது?

ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கையில் ஒரு மயிலிறகைக் கொடுங்கள், பாதி வேலை முடிந்தது. முன்பக்கம் நீலக் கண் மின்னும். சாய்த்தால் நிறம் மாறும். திருப்பினால் மங்கிய பழுப்புதான்! இறகில் நீலச் சாயமே கிடையாது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே வித்தைதான்: இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது.

அப்புறம், தோகை என்பது வால் இல்லை. நிஜ வால் குட்டையாகப் பின்னால் நின்று தோகையைத் தாங்குகிறது. தோகை ஆண்மயிலுக்கு மட்டும்தான். வருடா வருடம் உதிர்ந்து முளைக்கும்.

மயில் கத்துவதை ‘அகவுதல்’ என்போம். பெண்மயிலைக் கூப்பிடவும், ஆபத்து வந்தால் எச்சரிக்கவும் அகவும். குரல் மட்டும் பெரிய பூனை கத்துவது மாதிரி இருக்கும். நீங்களே கத்திக் காட்டிவிடுங்கள்.