மரம் கூடினால் கொடைக்கானல் மண்ணுக்கு நல்லதுதானே?

கேட்டவர் மதுரைக்காரர். வெப்பம் கூடக் கூட பழனி மலைப் புல்வெளிகளுக்குள் மரங்கள் பரவுகின்றனவாம், அதனால் மண் வளமாகத்தானே ஆகும் என்கிறார்.

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2,000 மீட்டருக்கு மேல் குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்யும். செத்த புல்வேர் முழுக்க மட்காமல் தங்கித் தங்கித்தான் அந்த மண் கருத்திருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மட்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1 டிகிரிக்கே சுமார் 7 சதவீதம். இது மரம் வராமலே மண்ணின் கார்பனில் நடக்கும் இழப்பு.

100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அதனால் 1 டிகிரி கூடினால், பழைய குளிர் வேண்டிய செடி சுமார் 170 மீட்டர் மேலே போக வேண்டும். உச்சியிலேயே இருக்கும் புல் எங்கே போகும்? டிசம்பர், ஜனவரி உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிப் புல்லைக் காத்துவந்தது. இரவுக் குளிர் குறைந்தால் அந்தக் காவலும் தளரும். ஆனாலும் எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போட எனக்கு மனமில்லை. சீகை (வாட்டில் எனும் வெளிநாட்டு மரம்), பைன், யூகலிப்டஸ் எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து நட்டவை.

புல் தன் கார்பனில் பெரும்பங்கை வேராக மண்ணுக்குள் வைக்கிறது. பைன் அதை ஊசிச் சருகாக மேலே கொட்டுகிறது. ஒரு தீ வந்தால் போச்சு. சீகையின் வேர்முடிச்சு நைட்ரஜனைச் சேர்க்கும், உண்மைதான். ஆனால் சத்துக் குறைவில் வாழப் பழகிய புல்லுக்கு அது உதவாது, களைக்குத்தான் கொண்டாட்டம்.

மண்ணின் கார்பனை அளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்: கார்பன் சதவீதத்தை மட்டும் பார்ப்பார்கள். சருகை ஒதுக்கிவிட்டு 0–10, 10–20, 20–30 செ.மீ. என்று தனித்தனியாக எடுங்கள். கொள்ளளவு தெரிந்த இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, அந்த மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டு, கிராம் எடையை வளையத்தின் கொள்ளளவால் (கன செ.மீ.) வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சதவீதம் × அடர்த்தி × ஆழம் (செ.மீ.) = ஹெக்டேருக்கு டன். 5 சதவீதம், அடர்த்தி 0.9, ஆழம் 10 என்றால் 45 டன். கல்லைக் கழிக்க மறந்தால் கணக்கு ஊதிப்போகும். ஒப்பிடும் இரண்டு இடமும் ஒரே உயரம், ஒரே சரிவு, ஒரே திசை பார்த்ததாக இருக்கட்டும்.

சீகையை ஒரேயடியாக வெட்டுவதும் தீர்வல்ல. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். மண்வாரி இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால் ஐப்பசி மழையில் மேல்மண் மஞ்சளாறு, வராக நதி வழியாக வைகைக்குத்தான் வரும். சிறு துண்டுகளாக, மழைக்கு முன் புல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வெட்டி, அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும்.