பத்திரமும் மாடிப்படியும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வரும் மே மாதம் ஓய்வு. மகன் டொராண்டோவில், மகள் கோவையில். ஸ்ரீரங்கத்தில் என் பெயரில் ஒரு வீடு. மாடியில் நாங்கள், கீழே வாடகைக்கு விட்டிருக்கிறோம். "இப்போதே என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், தங்கைக்குரியதை நான் பணமாகக் கொடுத்துவிடுகிறேன். பின்னால் அலைச்சல் இருக்காது" என்கிறான் மகன். நண்பர்களோ, வீட்டை விற்றுவிட்டுக் கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பில் இடம் வாங்கு என்கிறார்கள். பேச்சை எடுத்தாலே, விளக்கு வைக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று மனைவி எழுந்து போய்விடுகிறார். முதுமைக்கு எப்படித் தயாராவது? நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் மகனை நான் சந்தேகிக்கவில்லை. மகனாகவே இருக்கட்டும், மகளாகவே இருக்கட்டும், செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. மறுநாள் காலையில் நீங்கள் உங்கள் மகனுடைய வீட்டு மாடியில் குடியிருப்பவர். மனம் மாறினால் நீங்களாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. அவனுக்குக் கடன் வரலாம், மணமுறிவு வரலாம். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: உங்களுக்கு முன்னால் அவனுக்கு ஏதாவது ஆகி, அவன் உயிலும் எழுதியிருக்காவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் போகும். முதல் வரிசை வாரிசுகளில் தகப்பன் கிடையாது. கட்டிய மனிதர் நீங்கள்தான் என்று சுவர் சாட்சி சொல்லாது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். அந்த நிபந்தனை இருந்ததாக நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவர்களைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் எண்பது வயதில், பெற்ற பிள்ளையின் மீது மனு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலக பெஞ்சில் உட்கார வேண்டும். வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் இருவரும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் வரி வரியாகப் பத்திரத்தில் சேருங்கள்.

உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, செய்துவைத்தால் நல்லது. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதில் முதல் பெயர் உங்கள் மனைவியுடையதாக இருக்கட்டும். உயில் இல்லாவிட்டால் வீடு முழுவதும் அவருக்கு வந்துவிடும் என்று நம் வீடுகளில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வராது. உங்கள் தாயார் இப்போது இல்லையென்றால், உங்கள் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

அடுத்தது கையெழுத்து. என் பெரியப்பாவுக்கு எழுபத்து நான்கு வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஓய்வூதியம், சேமிப்பு எல்லாம் அவர் பெயரில் மட்டும் இருந்த ஒரே கணக்கில். காசோலை இரண்டு முறை திரும்பி வந்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. அதன் பிறகு தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழக ஆரம்பித்தார். 'ரா' மட்டும் வராது. கால் வளைந்து அடுத்த எழுத்தின் மேல் ஏறிவிடும். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொள்வார். பெரியம்மா நாமினிதான். ஆனால் நாமினிக்குக் கணக்குக்காரர் செத்த பிறகுதான் வேலை. கைநாட்டு வைத்து, சாட்சிகளோடு பணம் எடுக்க வங்கிகளில் வழி உண்டு. அதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல அந்தக் கிளையில் ஓர் ஆள் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு நினைவும் தடுமாறத் தொடங்கிவிட்டது. அவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்திடப் பவர் எழுதி வாங்கலாமே என்றார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு என்ன எழுதுகிறோம் என்று புரிந்தால்தானே பவர்?

இந்த வாரமே மனைவியோடு வங்கிக்குப் போய், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். அட்டையை அவரே போட்டுப் பணம் எடுக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஓய்வுப் பணத்தை எங்கே போடுவது என்று கேட்கவில்லை. கேட்டால், அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்பேன். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும்.

முதியோர் குடியிருப்பை நான் குறை சொல்லவில்லை. விற்றுவிட்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். காலையில் சித்திரை வீதியைச் சுற்றி வந்து, நாலு பேரிடம் நின்று வம்பு பேசிவிட்டு வீடு திரும்புகிற மனிதருக்கு, மணியடித்தால் சாப்பிடுகிற இடம் ஒத்துவருமா என்பது அங்கே போனால்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறு. மாடியில் நீங்கள், கீழே வாடகைக்காரர். மகன் பத்திரத்தைப் பேசுகிறான், நண்பர்கள் கோவையைப் பேசுகிறார்கள், இருபது படிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வாடகை ஒப்பந்தம் முடியும்போது இடம் மாறுங்கள். மாடி வாடகை கொஞ்சம் குறையும், குறையட்டும். மூட்டு நன்றாக இருக்கும்போதே பீரோவை இறக்கிவிடலாம்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். உயில் எழுதிப் பதிவு செய்தாயிற்று. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அரிசி டின்னுக்கு மேல் வைத்திருக்கிறேன். மனைவி தினமும் கை வைக்கிற இடம் அது. அவரும் முதலில் உங்கள் மனைவி மாதிரிதான் எழுந்து போனார். ஒரு நாள் நோட்டைத் தானே எடுத்து, என்னிடம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த நகைச்சீட்டு ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார். அப்புறம் குளியலறையில் எவர்சில்வர் கைப்பிடி ஒன்று. மாட்ட வந்த பிளம்பர், வீட்டில் பெரியவர் யார் இருக்கிறார்கள், எந்த உயரத்தில் வைக்க என்று கேட்டார். நானே போய்ச் சுவரருகே நின்று கையை நீட்டினேன். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.